மலைக்குப் பின்னால் இருபத்திரண்டு விநாடி

பதினேழு மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே காலிலிருந்து மறுநாள் காலை பத்தே கால் வரை. அந்த மாடியில் நான் இருந்தது அவ்வளவுதான்.

இது நடந்தது. நான் கதை கட்டுகிறவள் இல்லை. இயற்பியல் படித்தவள். எதையும் அளந்து பார்த்த பிறகுதான் நம்புவேன். அன்றைக்கும் அளந்தேன். ஒவ்வொரு தடவையும் அளந்தேன். அதனால்தான் இன்றுவரை அதைக் கனவு என்று ஒதுக்க முடியவில்லை.

பேய் என்றால் நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். இதில் நாயே கிடையாது. இருப்பதிலேயே மோசமான விஷயம் நல்ல வெயிலில் நடந்தது. இரண்டு பேர் பார்த்துக் கைதட்டினார்கள்.

முதலில் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தான் என் அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஆறு மணிக்குக் கடை மூடியதும் ரயில்வே மந்திரி ஆகிவிடுவார். அப்படித்தான் அக்கா சொல்லுவாள். "மந்திரி வந்துட்டாரு, கதவைத் திற." அவர்கள் வாடகைக்கு இருந்த மாடியில் முன்னறை முழுக்க ரயில். இடுப்பு உயரத்தில் பெரிய பலகை. அதன்மேல் விரல் அகலத் தண்டவாளம், கைக்குள் அடங்கும் ஸ்டேஷன், தீக்குச்சியில் செய்த வேலி. நான்கு வருட உழைப்பு. வாரக் கடைசியில் நான் போய் ஒயரிங் செய்வேன். சாலிடரிங் இரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் இருக்கலாம். எனக்கு அது சொர்க்கம்.

அத்தான் எனக்கு வைத்த பெயர் மியூட்டு.

காரணம் இருக்கிறது. நான் மூன்று இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறேன். முதலாவதில் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். தண்ணீர் குடித்தேன். இன்னும் கேட்டார்கள். இன்னும் குடித்தேன். மற்ற இரண்டும் அதைவிட மோசம்.

அப்போதுதான் மியூசியம் மேடம் வந்தார். குழந்தைகளுக்கான அறிவியல் கூடத்தின் தலைவி. அங்கே வைக்க ஓடும் ரயில் ஒன்று தேடிக்கொண்டிருந்தார். அதைத் தினமும் ஓட்டிப் பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும். அத்தானின் ரயில் வட்டமாகச் சுற்றுவதைப் பத்து நிமிடம் பார்த்தார்.

"வட்டமா சுத்தறதுக்கு ரயில் எதுக்கு சார்? சீலிங் ஃபேன் போதுமே."

அத்தானின் முகம் தொங்கிப்போனது.

"உள்ளே போகணும். காணாமப் போகணும். குழந்தைங்க எங்கே எங்கேன்னு தேடணும். அப்புறம் எதிர்ப்பக்கம் பார்த்துத் திரும்பி வரணும். ஒரு மாசம் டைம். அப்படிப் பண்ணிக் காட்டினா ரயிலையும் எடுத்துக்கறேன், இந்தப் பொண்ணையும் எடுத்துக்கறேன்."

இந்தப் பொண்ணு என்றது என்னை. பேசாமலே கிடைக்கக்கூடிய வேலை ஒன்று உலகத்தில் இருந்தது. அதற்கு ஒரு ரயில் காணாமல் போய்த் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான்.

அத்தான் அன்றிரவே திட்டம் போட்டார். முன்னறைக்குப் பின்னால் ஓர் அறை. வீட்டுக்காரம்மாவின் பழைய சாமான்கள் கிடந்த இடம். அதைக் கேட்டு வாங்கினார். சுவரில் ஒரு ஓட்டை. ரயில் ஓட்டை வழியாகப் பின்னறைக்குப் போகும். அங்கே ஒரு பெரிய வளையம், அதாவது லூப். அதில் சுற்றித் திரும்பி, வந்த ஓட்டை வழியாகவே வெளியே வரும். ஓட்டை தெரியாமல் இந்தப் பக்கம் ஒரு மலை. முன்னறைச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் புதுப் பாதையைப் பென்சிலில் வரைந்தார். அவர் பழக்கம் அது. தண்டவாளம் போட்டு முடித்த பிறகுதான் அதன்மேல் கறுப்பு மை.

அதன் பிறகு மூன்று வாரம் என்னால் அங்கே போக முடியவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல்.

வெள்ளிக்கிழமை மதியம் போன் வந்தது. முந்தின ராத்திரியே அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. ஒரு மாதம் முன்கூட்டி. அத்தான் ஆஸ்பத்திரியில். காய்ச்சல் முழுசாக விடாமலே அம்மாவும் அங்கே ஓடியிருந்தாள்.

"மியூட்டு, கேளு. நாளைக்குக் காலைல ஒன்பதரைக்கு மேடம் வர்றாங்க. நான் இங்கேயிருந்து நகர முடியாது."

"ம்."

"நீ போய் ஓட்டிக் காட்டிடு. வட்டம் மட்டும் போதும்."

"வட்டமா? அவங்கதான் அன்னைக்கே..."

"போதும்மா. மிச்சத்தை நான் அவங்ககிட்ட..." பின்னால் ஒரு நர்ஸ் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "இதோ வரேன் சிஸ்டர்..."

வைத்துவிட்டார்.

ஐந்தே காலுக்கு வீட்டுக்காரம்மாவிடம் சாவி வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

மலை இருந்தது. சுவரோரம் மூலையில், என் தோள் உயரத்துக்கு. அத்தான் பிளாஸ்டரில் அச்சு அசலாகச் செய்து, பச்சைத் தூள் தூவி, பலகையோடு ஒட்டியிருந்தார். கீழே கறுப்பாக ஒரு குகை வாய். தண்டவாளம் அதற்குள் வளைந்து போனது. டார்ச் அடித்துப் பார்த்தேன். வளைவு வரைக்கும்தான் தெரிந்தது.

வரைபடத்தைப் பார்த்தேன். லூப் கறுப்பு மையில் இருந்தது.

சந்தோஷமாக இருந்தது. மனுஷன் முடித்துவிட்டார்! பிறகு எதற்கு வட்டம் மட்டும் போதும் என்றார்? பொண்டாட்டி பிரசவ வார்டில் இருக்கும்போது பாவம், அவருக்கு என்ன ஓடும். என்னால் சமாளிக்க முடியாது என்று நினைத்திருப்பார். சமாளித்துக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன்.

பின்னறைக்கு வெளி நடையில் கதவு. பூட்டியிருந்தது. அத்தானுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அம்மாவுக்கு அடித்தேன்.

"பின்னறைச் சாவி அத்தான்கிட்ட இருக்காம்மா?"

"சாவியா? இங்கே உங்கக்கா பல்லைக் கடிச்சிட்டுக் கிடக்கா. ரயிலாம் ரயிலு!"

"இருக்கா?"

"அவர் பாக்கெட்ல கொத்தா ஏதோ தொங்குது. வை போனை."

சரி. சாவி இல்லாவிட்டால் என்ன. ரயில் போய் வந்தால் போதும்.

வட்டத்தில் ஓட்டினேன். பிசிறில்லை. பிறகு ஒரு கணக்குப் போட்டேன். வரைபடத்தில் லூப்பின் நீளம் நாலு மீட்டர் நாற்பது. ரயிலின் வேகம் விநாடிக்கு இருபது சென்டிமீட்டர். இருபத்திரண்டு விநாடியில் திரும்பி வர வேண்டும். ரயில் உள்ளே இருக்கும்போது நான் ஒரு வேலை செய்ய வேண்டும். கன்ட்ரோலரில் திசை ஸ்விட்சைத் தட்டிவிட வேண்டும். அப்போதுதான் அது இந்தப் பக்கம் பார்த்து ஓடும்.

மாலை ஆறு பத்து. பாதையை மலைப் பக்கம் மாற்றினேன். கறுப்பு இன்ஜின், பின்னால் நான்கு பெட்டிகள். மஞ்சள், சிவப்பு, பச்சை, கடைசியாக மூடி இல்லாத ஒரு சரக்குப் பெட்டி. ஒவ்வொன்றாகக் குகைக்குள் நுழைந்தன.

ஸ்விட்சைத் தட்டினேன். போனில் விநாடி ஓடியது.

இருபத்திரண்டு ஆனது. வரவில்லை. முப்பது... தடம் புரண்டுவிட்டதா? சாவியும் இல்லையே...

நாற்பத்தொன்றாவது விநாடியில் வந்தது. இன்ஜின் முன்னால், முகம் என்னைப் பார்த்து. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அப்புறம்தான் பெட்டிகளைப் பார்த்தேன். மஞ்சள், பச்சை, சிவப்பு.

லூப்பில் சுற்றி வரும் ரயிலில் பெட்டிகள் வரிசை மாறாது. மாற வழியே இல்லை. நான்தான் தப்பாகக் கோர்த்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். கழற்றி, சிவப்பை இரண்டாவதாக மாட்டினேன். மனுஷர்களிடம்தான் எனக்கு வாய் வராது. மெஷினோடு நன்றாகப் பேசுவேன்.

"சிவப்பு ரெண்டாவது," என்றேன். "இருபத்திரண்டு செகண்ட்ல வரணும். புரிஞ்சுதா?"

மறுபடியும் அனுப்பினேன்.

முப்பத்தாறு விநாடி. சிவப்பு இரண்டாவதாக இருந்தது.

அடுத்தது முப்பத்திரண்டு. அதற்கடுத்தது இருபத்தொன்பது. மோட்டாரில் கிரீஸ் இளகுகிறது, அதனால் வேகம் கூடுகிறது என்று காரணம் கண்டுபிடித்தேன். ஆனால் இந்தப் பக்கம் வட்டத்தில் வேகம் கூடவில்லையே? அங்கே அதே இருபது சென்டிமீட்டர்தான்.

இன்னொன்று கவனித்தேன். சத்தம். ரயில் உள்ளே போனதும் மோட்டார் சத்தம் நின்றுவிடும். சுவர், பிளாஸ்டர், கேட்காது, சரி. ஆனால் திரும்பி வரும்போது? தூரத்திலிருந்து வரும் சத்தம் மெல்ல மெல்லப் பெரிதாகும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இது அப்படி வரவில்லை. ஒன்றும் இல்லாமல் இருக்கும். டக் என்று ஒரு ஒலி. டக்... டக்... டக்... டக். ஐந்து தடவை. உடனே மோட்டார் முழுச் சத்தத்தோடு, இங்கேயே, சுவருக்கு அந்தப் பக்கத்திலேயே கேட்கும்.

கன்ட்ரோலரில் அம்மீட்டர் இருந்தது. ரயில் தண்டவாளத்தில் இருந்தால் முள் மேலே நிற்கும். ரயில் மலைக்குள் போனதும் முள் விழுந்துவிடும். பூஜ்யம். அத்தான் லூப்புக்குத் தனி மின்சாரம் கொடுத்திருப்பார் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

காரணம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி.

ஏழு நாற்பதுக்கு வீட்டுக்காரம்மா படியில் பாதி ஏறி நின்று கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ உட்காரவே மாட்டியா?"

எட்டிப் பார்த்தேன்.

"உங்கக்கா சொன்னா, என் தங்கச்சி இருக்கற இடமே தெரியாதுன்னு. நல்லா தெரியாது! என் பெட்ரூம் தலைக்கு மேலதான் பின்னறை. ரெண்டு எட்டு வைக்கறே, நிக்கறே. ரெண்டு எட்டு, நிக்கறே. ஒரு மணி நேரமா. என்ன, டான்ஸ் பழகறியா?"

பின்னறை பூட்டியிருக்கிறது ஆன்ட்டி. நான் முன்னறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன் ஆன்ட்டி. இதைச் சொல்ல வேண்டும். வாய் திறந்தது.

"சரி ஆன்ட்டி," என்றது.

"செருப்பையாவது கழட்டு."

போய்விட்டார். நான் என் கால்களைப் பார்த்தேன். வெறுங்கால்.

பழைய கட்டடம். மரச் சாமான்கள் இரவில் சுருங்கும். எலியாக இருக்கும். எலி இரண்டு எட்டு வைத்து நிற்குமா?

பேசாமல் இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் நாளை ஒன்பதரை... நான்காவது இன்டர்வியூ என் வாழ்க்கையில் வரவே கூடாது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். எழுந்தேன். திரும்ப உட்கார்ந்தேன்.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. சுமை ஏற்றி ஓட்டுவது. அத்தானின் டப்பாவில் ஒரு பெரிய இரும்பு நட்டு கிடந்தது. சரக்குப் பெட்டியில் வைத்தேன். ஜில்லென்று இருந்தது. அனுப்பினேன்.

இருபத்திரண்டு விநாடி. சரியாக.

நட்டை எடுத்தேன்.

சூடாக இருந்தது.

கொதிக்கும் சூடு இல்லை. மோட்டார் சூடும் இல்லை. மோட்டார் முன்னால் இன்ஜினில் இருக்கிறது. இது கடைசிப் பெட்டி. யாரோ உள்ளங்கையில் வைத்து மூடியிருந்து கொடுத்தால் எப்படி இருக்கும்... அந்தச் சூடு.

கீழே போட்டேன். உருண்டு மேசைக்கு அடியில் போனது. குனிந்து எடுக்கவில்லை.

எட்டு ஐம்பத்திரண்டு. ரயிலை இன்னொரு தடவை உள்ளே அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று கேட்காதீர்கள். கடைசிப் பெட்டி மறைந்ததும் கன்ட்ரோலரை அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது ரயில் வர முடியாது. வராது. காலையில் மேடமிடம் வட்டம் மட்டும் காட்டுவேன். வேலை கிடைக்காது. பரவாயில்லை.

இருபது விநாடி.

இருபத்தொன்று.

டக்.

டக்... டக்... டக்... டக்.

அப்புறம் ஒரு சத்தம். அதுவரை கேட்காத சத்தம். கிரீ...ச்ச்.

இதை மட்டும் விளக்க வேண்டும். இன்ஜினுக்குள் இருப்பது திருகுப் பல்சக்கரம். மோட்டார் சக்கரங்களைச் சுழற்றலாம். சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்ற முடியாது. மின்சாரம் இல்லாமல் அந்த இன்ஜின் உருளாது. சரிவில் விட்டாலும் உருளாது. தள்ளினால் மட்டும் நகரும். சக்கரம் சுழலாமல், தேய்ந்துகொண்டு.

குகை வாயில் இன்ஜினின் முகம் தெரிந்தது.

விளக்கு எரியவில்லை.

சக்கரம் சுழலவில்லை.

கிரீ...ச்ச். நின்றது. கிரீ...ச்ச்.

வந்துகொண்டே இருந்தது.

மஞ்சள். சிவப்பு. பச்சை. கடைசிப் பெட்டி.

கடைசிப் பெட்டி குகையை விட்டு ஒரு விரல் அகலம் வெளியே வந்தது. நின்றுவிட்டது.

அதற்கு மேல் கை எட்டவில்லை போல.

நான் கத்தவில்லை. எனக்குக் கத்த வராது. தண்டவாளம் துடைக்கும் பழைய துணி ஒன்று கிடந்தது. சுருட்டிக் குகை வாய்க்குள் திணித்தேன். முழங்கை வரைக்கும் கை உள்ளே போனது. எடுத்துவிட்டேன்.

"போதும்," என்றேன். குரல் என் குரலாக இல்லை. "இனிமே வேண்டாம்."

முன்னறைக் கதவைச் சாத்தி, சமையலறையில் விளக்கைப் போட்டு, சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தேன். ஒவ்வொரு பத்து நிமிடமும் கிளம்பிவிட வேண்டும் என்று எழுந்தேன். ஒன்பதரை... மேடம்... திரும்ப உட்கார்ந்தேன். பின்னறையில் எந்தச் சத்தமும் இல்லை. அதுதான் இன்னும் பயம். வேலை முடிந்து ஓய்வெடுப்பது போல அத்தனை அமைதி.

விடிவதற்குச் சற்று முன்னால் போன் அடித்தது. உயிரே போய்விட்டது.

"பொண்ணு," என்றாள் அம்மா. அழுதுகொண்டே சிரித்தாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நீ சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன ம்? குரல் ஏன் அப்படி இருக்கு?"

"தூங்கலைம்மா."

"அந்த ரயிலைக் கட்டிட்டு அழு."

காலை வெயில் வந்தது. வெயில் வந்ததும் மூளை வேலை செய்யத் தொடங்கியது. தூக்கமில்லை, பசி, பதற்றம். நட்டு என் கைச் சூட்டிலேயே சூடாகியிருக்கும். இன்ஜின் ஏதோ மிச்ச மின்சாரத்தில்... அந்த வாக்கியத்தை மட்டும் என்னால் முடிக்க முடியவில்லை.

ஒன்பதரைக்கு மேடம் வந்தார். கூடவே மியூசியத்துத் தச்சர், ரயிலை எப்படிப் பிரித்து எடுத்துப் போவது என்று பார்க்க.

"உங்க அத்தான் எங்கேம்மா?"

"பிரசவம்," என்றேன்.

"அவருக்கா?" என்றார் தச்சர். மேடம் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

பிளக்கைச் செருகினேன். வட்டத்தில் ஓட்டினேன். மேடம் மூன்று சுற்று பார்த்தார். நாலாவது சுற்றில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இது போன மாசமே பார்த்தாச்சே. மலை புதுசு. உள்ளே போகுமா?"

நான் கன்ட்ரோலரைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

"சும்மா அழகுக்கு வெச்சிருப்பாங்க மேடம்," என்றார் தச்சர். "தூக்கிட்டுப் போறதுக்கும் கஷ்டம். இடிச்சுத்தான் எடுக்கணும்."

"நல்ல உழைப்புதான். ஆனா நான் கேட்டது வேற." மேடம் கைப்பையைத் தோளில் மாட்டினார். "பரவாயில்லைம்மா. அத்தான்கிட்ட சொல்லு."

அவர் திரும்பினார். அப்போது என் கை பாதை மாற்றும் நெம்புகோலுக்குப் போய்விட்டது. நான் யோசிக்கவில்லை. கைதான் போனது.

"ஒரு நிமிஷம் மேடம்," என்றேன். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை.

குகை வாயிலிருந்து துணியை எடுக்கப் போனேன்.

துணி இல்லை.

தண்டவாளம் உள்ளே பளபளவென்று இருந்தது. துடைத்த மாதிரி.

ரயில் உள்ளே போனது. மஞ்சள், சிவப்பு, பச்சை, வெறும் சரக்குப் பெட்டி. ஸ்விட்சைத் தட்டினேன். மேடம் குனிந்து குகையைப் பார்த்தார். தச்சரும் குனிந்தார். குழந்தைகள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இருபத்திரண்டு விநாடி.

இன்ஜின் வந்தது. விளக்கு எரிந்தது. சக்கரங்கள் அழகாகச் சுழன்றன. மஞ்சள். சிவப்பு. பச்சை.

கடைசிப் பெட்டியில் என் துணி இருந்தது.

நாலாக மடித்து. ஓரங்கள் சரியாகப் பொருந்த.

"அட!" மேடம் கைதட்டினார். "போகும்போது காலியா போச்சு, வரும்போது சரக்கு ஏத்திட்டு வருது! பார்த்தீங்களா?"

தச்சரும் தட்டினார். "உள்ளே ஏதாவது கை வெச்சிருக்கியாம்மா?"

நான் அவரைப் பார்த்தேன்.

"மெஷின் கையைச் சொல்றேன்."

"சொல்ல மாட்டா. தொழில் ரகசியம்," என்றார் மேடம். என் தோளில் தட்டினார். "இதுதான் எனக்கு வேணும். திங்கட்கிழமை காலைல வந்துடு. இன்டர்வியூ எல்லாம் கிடையாது. நீதான் வாயே திறக்க மாட்டியே."

வேலை கிடைத்துவிட்டது. இரண்டு வருடம் காத்திருந்த வார்த்தை.

"இன்னொரு தடவை ஓட்டு. வீடியோ எடுத்துக்கறேன்."

துணியை எடுத்தேன். தொட்டதும் தெரிந்தது. சூடு. மேசையில் வைத்துவிட்டு ரயிலைத் திருப்பி அனுப்பினேன். கடைசிப் பெட்டி மலைக்குள் மறையும்போது படியில் கால் சத்தம். தடதடவென்று. நிஜமான கால் சத்தம்.

அத்தான். கசங்கிய சட்டை, சிவந்த கண், வாயெல்லாம் சிரிப்பு. "பொண்ணு பொறந்திருக்கா மேடம்! மன்னிச்சுக்கணும், நேரத்துக்கு வர முடியலை."

ஐந்து... ஆறு... நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"வாழ்த்துகள் சார். உங்களுக்கு இன்னைக்கு ரெட்டைச் சந்தோஷம். ரயிலை எடுத்துக்கறேன். உங்க மச்சினி பிரமாதமா ஓட்டிக் காட்டிட்டா."

"அப்படியா? வட்டம் பிடிச்சிடுச்சா?"

"வட்டம் யாருக்கு வேணும்? மலைக்குள்ள போய்ச் சரக்கு ஏத்திட்டுத் திரும்பி வருதே, அது!"

அத்தான் சிரித்தார். மேடம் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துவிட்டார். என்னைப் பார்த்தார். சிரிப்பு குறைந்தது. பாதை மலைப் பக்கம் மாறியிருந்ததைப் பார்த்தார். அம்மீட்டரைப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் இருந்தது.

பதினொன்று... பன்னிரண்டு...

"மியூட்டு," என்றார் மெதுவாக. "வண்டி எங்கே?"

மலையைக் காட்டினேன்.

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மேடம் போனை இறக்கினார்.

பதினாறு...

"வியாழக்கிழமை ராத்திரிதான் லூப்பு போடறதா இருந்தேன். முடிச்சிடலாம்னு படத்துல மையைக்கூட முன்னாடியே போட்டுட்டேன். வலி வந்துடுச்சு, அப்படியே ஓடிட்டேன்."

பதினெட்டு...

"அந்த ரூமுக்குள்ள தண்டவாளமே இல்லம்மா. பலகைகூட இல்ல. சுவரைத் தாண்டினா... நேரா கீழே தரைதான்."